மார்கழிக் கொல்லை: தீனித் தட்டைவிடச் சருகுதான் பறவையைக் கூட்டிவரும்

கேள்வி இது: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் ஏழு சென்ட் கொல்லை. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொழுப்பு உருண்டையும் விதைக்கூடும் தொங்கவிட்டுப் பறவை பார்ப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, கார்த்திகையிலிருந்து கம்பும் நொய்யும் வைத்து வருகிறார்கள். காக்கை, புறா, அணில் தவிர ஒன்றும் வரவில்லை. மார்கழி, தையில் வலசைப் பறவைகள் வர வேறு என்ன வைக்க வேண்டும்?

புதிதாக எதையும் வைக்க வேண்டாம். கொல்லையில் கிடக்கும் சிலவற்றைப் பெருக்கி எடுக்காமல் விட்டால் போதும். காரணத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. உறைபனி விழுந்தால் தரை கல்லாகிவிடும். பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள குருவி பதினாறு மணி நேர இரவை உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தே கடக்கிறது. விடிந்ததும் வயிறு நிறையாவிட்டால் அடுத்த இரவைத் தாண்டாது. அங்கே கொழுப்பு உருண்டை உயிர்காக்கும் பொருள். நம் டெல்டாவில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பகல் பதினொன்றரை மணி நேரம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். வாய்க்காலிலும் குளத்திலும் தண்ணீர், வயலில் கதிர் வாங்கிய சம்பா, எங்கும் பூச்சி, நத்தை, தவளை. பறவைகளுக்கு இது பஞ்சகாலமே இல்லை. ஆண்டிலேயே செழிப்பான காலம்.

இன்னொன்று, நம் கொல்லைக்கு வரும் குளிர்கால விருந்தாளிகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. வடக்கே பூச்சி அற்றுப்போவதால்தான் அவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தானியம் வைத்தால் வருவது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் காக்கையும் புறாவும். ராத்திரியில் மிச்சத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். உங்கள் தட்டில் நடப்பது சரியாக இதுதான்.

யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எதை விட்டுவைப்பது என்பதும் தெரிந்துவிடும். முதலில் ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாசி கடைசி, ஐப்பசியில் தெற்கே வருகிறது. மைனா அளவு, குட்டை வால், முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. நிழலில் தரையிலேயே தத்தித் தத்தி நடந்து, அலகால் சருகைப் புரட்டிப் புழுவும் வண்டும் தின்னும். காட்டிக்கொடுப்பது குரல்தான். காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டி இரண்டு மூன்று நிமிடம் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பெயருக்குக் காரணமும் அதுதான். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி அந்த நேரத்தில் பாடிக்கொண்டிருப்பதால் பல வீடுகளில் இந்தக் குருவி இருப்பதே தெரியாமல் போகிறது. மாலைக் குரலுக்குக் காத்திருங்கள். பொழுது அமரும்போது கொல்லையின் இருட்டான மூலையில் காது வைத்தால் நாலைந்து நாளில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் பெரும்பாலும் பங்குனி, சித்திரை வரை அதே இடத்தைச் சுற்றியே இருக்கும்.

இதே சருகுத் தரையை நம்பி வரும் இன்னொன்று கொடிக்கால் வாலாட்டி. வெற்றிலைக் கொடிக்காலின் ஈர நிழல் இதற்குப் பிடிக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடையாது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது இடமும் வலமுமாக இடுப்போடு சேர்த்து அசைக்கும். வெளிறிய மார்பில் இரண்டு கறுப்பு வரி. இந்த இரண்டும் போதும், வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. செந்தலைப் பூங்குருவியும் சில வீடுகளில் இந்தச் சருகுக்கு வரும்: ஆரஞ்சுத் தலை, சாம்பல்நீல முதுகு, மிகவும் கூச்சம்.

ஆகவே முதல் வேலை சருகு. மா, பலா, பூவரசு எதன் நிழலாவது பத்தடிக்குப் பத்தடி இடம் ஒதுக்கிப் பெருக்காமல் விடுங்கள். மூன்று நான்கு அங்குலக் கனம் போதும். குவித்து வைத்தால் உள்ளே புழுங்கி அழுகுமே தவிரப் பறவை புரட்ட முடியாது, அதனால் பரத்தி வையுங்கள். மாவிலை மட்டும் இருந்தால் மட்க நாளாகும். பூவரசு, முருங்கை, வாழைச் சருகையும் கலந்து, ஒரு கூடை மட்கிய எருவைத் தூவினால் மண்புழுவும் பூரானும் வண்டும் சேரும். மழை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டால் மாலையில் ஒரு குடம் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்து மொறுமொறுப்பான சருகில் இரை இருக்காது. கரையான் மருந்து, எறும்புப் பொடி எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பலரும் சறுக்குவது போகியில். கார்த்திகை, மார்கழியில் சேர்ந்த சருகையெல்லாம் பொங்கலுக்கு முன் கூட்டிக் கொளுத்திவிடுகிறோம். அந்த விருந்தாளிகள் இன்னும் மூன்று மாதம் தின்ன வேண்டிய களஞ்சியம் ஒரே காலையில் சாம்பலாகிவிடுகிறது. வாசலையும் முற்றத்தையும் பளிச்சென்று வையுங்கள். கொல்லையில் அந்தப் பத்தடியை மட்டும் தொடாதீர்கள்.

சருகு என்றதும் பாம்பு பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. கண்ணாடிவிரியன் இந்தக் குளிர்மாதங்களில்தான் இணை தேடி அலையும். தையில் அறுவடை தொடங்கினால் வயல் எலியின் பின்னால் வீட்டுப் பக்கமும் வரும். சருகு இடம் வீட்டிலிருந்து இருபதடியாவது தள்ளி இருக்கட்டும். கழிவறைக்கும் கிணற்றடிக்கும் போகும் வழி சுத்தமாக இருக்கட்டும். சருகுக்குள் கை விடக் கூடாது, நீளக் கம்பு போட்ட வாருகோலால்தான் தள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் போகக் கூடாது. வைக்கோல், தேங்காய் மட்டை, செங்கல் அடுக்கு இவற்றைச் சருகோடு ஒட்டி வைக்காதீர்கள். பாம்பும் தேளும் தங்குவது அந்த இடுக்குகளில்தான். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து உடனே விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது வேலி. கிளுவை, ஆடாதொடை, நொச்சி, மருதாணி என்று உயிர்வேலி இருந்தால் அதைக் கார்த்திகையில் வெட்டிச் சீர்செய்யாதீர்கள். பங்குனி கழித்து வெட்டலாம். வேலிக்குள்ளிருந்து நாள் முழுவதும் நாக்கைச் சொடுக்குவதுபோல் ‘டக்… டக்’ என்று சத்தம் வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறது. மண்பழுப்பு நிறம், அடையாளம் என்று சொல்ல ஒன்றுமில்லாத உடம்பு. தொடக்கத்தில் எல்லோரும் தையல்சிட்டு என்று நினைப்பார்கள். தையல்சிட்டுக்கு முதுகு பச்சை, உச்சி செம்பழுப்பு, வால் நிமிர்ந்திருக்கும். புளி, மா உச்சியில் இலைக்கு இலை தாவும் பச்சை நிறப் பொடிக்குருவிகள் இலைக் கதிர்க்குருவிகள். அவற்றைப் பார்த்து இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கழுத்துவலி. முதல் ஆண்டில் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

திறந்த வெளியில் வேலிக்கால் உச்சியிலோ பட்ட கொம்பிலோ ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் பழுப்புக் கீச்சானைத் தவறவிடாதீர்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, அதன்மேல் வெள்ளைப் புருவம், கொக்கி அலகு, கரகரவென்று திட்டுவதுபோல் குரல். சைபீரியா, மங்கோலியா பக்கத்துப் பறவை. சென்ற ஆண்டு தங்கிய அதே தோட்டத்துக்கு மறுபடி வரும் வழக்கம் இதற்கு உண்டு. அது உட்காரும் காய்ந்த கொம்பை விறகுக்கு வெட்டாமல் வைத்தால் போதும். கொம்பே இல்லாவிட்டால் ஏழெட்டு அடி உயரத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டு வைக்கலாம். கரிச்சானும் பஞ்சுருட்டானும் அதற்கு வரும்.

மரநிழலில் அரசவால் ஈப்பிடிப்பான் வருகிறதா என்று பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு வெள்ளை நாடாபோல் நீளவால்; பெட்டையும் இளசும் செம்பழுப்பு, குட்டைவால், ஆனால் கறுத்த கொண்டை எல்லாவற்றுக்கும் உண்டு. ஆல், அரசு பழுத்திருந்தால் மாங்குயில் கூட்டமாக இறங்கும். கரிச்சான் என்று நாம் தள்ளிவிடுவதிலும் ஒரு விருந்தாளி உண்டு: வயலிலும் கம்பியிலும் உட்காருவது நம்மூர்க் கரிச்சான்; மர உச்சியில் சாம்பல் வயிறும் சிவந்த கண்ணுமாக இருப்பது வலசை வந்த சாம்பல் கரிச்சான்.

பட்டுப்போன தென்னை ஒன்று நிற்கிறதா? 2018 கஜா புயலில் தலை முறிந்த மொட்டைத் தென்னைகளில் மரங்கொத்தி பொந்து குடைந்து, பிறகு கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறியதை டெல்டா முழுவதும் பார்க்கலாம். வீட்டின் மேலோ வழியிலோ விழாத தூரத்தில் இருந்தால் விட்டுவையுங்கள். சாயும் ஆபத்து இருந்தால் பத்தடி மட்டும் நிற்கும்படி மேலே அறுத்துவிடலாம்.

எப்போது, எங்கே உட்காருவது என்பதில் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விடியும் முன்பே எழுந்து உட்கார வேண்டும் என்பது மூடுபனி நாளில் பலிக்காது. பனி கனத்த காலையில் பூச்சி பறக்காது, பூச்சி பறக்காவிட்டால் பறவையும் அசையாது. வெயில் படும் கிளைகளில்தான் முதல் நடமாட்டம். தையில் சூரியன் ஆறரைக்கு மேல் எழுகிறது. ஏழரை முதல் எட்டரை வரை மரங்களின் கிழக்குப் பக்கம் சூடேறும்போது கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், தேன்சிட்டு எல்லாம் அந்தப் பக்கமே மொய்க்கும். நீங்கள் கிழக்கே முதுகு காட்டி, வெயில் விழும் இலைகளைப் பார்த்து உட்காருங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியைவிடத் தாழ்வான முக்காலி நல்லது. இருபது நிமிடம் அசையாமல் இருந்தால்தான் சருகுப் பறவைகள் வெளியே வரும். இடையில் எழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மாலை நாலரை முதல் ஆறேகால் வரை இரண்டாவது நேரம். மழை விட்டு ஈசல் கிளம்பினால் நேரம் காலமே வேண்டாம், கொல்லையில் உள்ள அத்தனையும் வந்துவிடும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு பெருக்கம் கொல்லைக்குத் தேவையில்லை; கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். 42ஐ எட்டால் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். மங்கலான மார்கழிக் காலைக்கு அது போதுமானது. இரண்டு மீட்டர் வரை கிட்டப் பார்வை பிடிக்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். கால் மணி நேரம் முன்னதாகத் தாழ்வாரத்தில் வையுங்கள், துடைத்துத் துடைத்துக் கீறாதீர்கள். நம் ஈரக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதுதான் வழி.

தண்ணீர்த் தட்டு மார்கழியில் அவசரமில்லை, ஊரெல்லாம் தண்ணீர். தை பிற்பாதியில் வயல் காயத் தொடங்கும்போது அது அவசியமாகிவிடும். ஒரு அடிக்கு மேல் அகலமுள்ள சொரசொரப்பான மண்தட்டு, நடுவில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். வழவழப்பான எவர்சில்வர் தட்டில் காலூன்ற முடியாமல் சிறு குருவிகள் குளிக்காது. ஒன்றைத் தரையிலும் ஒன்றை மூன்றடி உயரத்திலும் வையுங்கள். அருகில் புதர் இருக்க வேண்டும், ஆனால் ஆறேழு அடி தள்ளி. ஒட்டி இருந்தால் பூனை பதுங்கும், தூரமாக இருந்தால் வல்லூறு வரும்போது ஓடி ஒளிய இடமிருக்காது. மேலே ஒரு பழைய சொம்பில் ஊசித்துளை போட்டுத் திரி செருகித் தொங்கவிட்டால் சொட்டுச் சத்தமே பறவையைக் கூப்பிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்குச் சுமார் 180 மில்லி. இரண்டு லிட்டர் ஒரு பகலுக்கு வரும். தினமும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசு முட்டையைப் பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் அது சாகாது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். சோப்பு வேண்டாம்.

தானியம் வைத்தே ஆக வேண்டும் என்ற ஆசைக்கும் இந்த மண்ணில் ஒரு நல்ல வழி முன்பே இருக்கிறது: அறுத்த புதுநெல்லில் கதிர்க்கொத்து கட்டி நிலைவாசலில் தொங்கவிடுவது. சிட்டுக்குருவி, புள்ளிச்சில்லை, தூக்கணாங்குருவி மூன்றும் கதிரில் தொற்றிக்கொண்டு தின்னும்; புறாவால் தொற்ற முடியாது. ஐம்பது அறுபது கதிர் கொண்ட பிடி, சுவரிலிருந்தும் கிளையிலிருந்தும் ஆறடியாவது தள்ளி, மெல்லிய கம்பியில் ஏழடி உயரத்தில். கயிறாக இருந்தால் அணில் இறங்கிவிடும். கடைசி நேரத்தில் மருந்தடித்த வயலின் கதிர் வேண்டாம். விதைநேர்த்தி செய்து மிஞ்சிய விதைநெல்லை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அதில் ஏறியிருப்பது பூஞ்சைமருந்து. அரிசிமாவுக் கோலமும் சிட்டுக்குருவிக்கு இரைதான், கல்பொடியில் ஒன்றும் இல்லை. கனுப்பிடி வைப்பவர்கள் வழக்கம்போல வையுங்கள். வாழையிலையில் மிஞ்சியதை மட்டும் மாலைக்குள் எடுத்துவிட வேண்டும், புளித்த சோறும் உப்புச்சாதமும் சிறு பறவைக்கு ஆகாது.

எலிக்கு விஷம் வைத்துவிட்டு ஆந்தை வரவில்லையே என்று தேடக் கூடாது. புரோமடியோலோன் கலந்த எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைக் கூகை பிடித்தால் விஷம் கூகைக்கும் ஏறும். கிட்டியும் பொறியும் வையுங்கள். வயல் இருந்தால் ஏக்கருக்குப் பதினைந்து இருபது ‘டி’ வடிவக் குச்சிகளைப் பயிருக்கு மேல் ஓரிரு அடி உயரத்தில் நட்டு வைத்தால் பகலில் கரிச்சான், இரவில் ஆந்தை உட்கார்ந்து பூச்சியையும் எலியையும் கவனித்துக்கொள்ளும்.

மொட்டைமாடியை மறந்துவிடாதீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடானதும் நத்தைகுத்தி நாரைகள் வட்டமிட்டு மேலேறும்; அலகு நடுவில் இடைவெளிவிட்டு மூடியிருப்பது பைனாகுலரில் தெரியும். சம்பா வயலை ஒட்டித் தாழப் பறந்து அலசுவது பூனைப்பருந்து. அந்தியில் சூறைக்குருவிக் கூட்டம் மேகம்போல் திரும்பும். இவற்றைக் கண்டு ஆசை வந்தால் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை நான்கும் ஒருநாள் பயணத் தூரம்தான். நான்குமே ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு விபத்து அடிக்கடி நடக்கும். இரவில் பறந்துவரும் ஆறுமணிக்குருவி விளக்கு வெளிச்சத்தில் திகைத்துக் கண்ணாடியில் மோதி வாசலில் விழுந்து கிடக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித்துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். திறந்து திறந்து பார்ப்பதும் படம் எடுப்பதும்தான் அதைக் கொல்லும். இரவாக இருந்தால் விடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகு புதர் ஓரம் பெட்டியைத் திறந்து விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரிய ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் செங்குத்தாக வெள்ளை டேப் ஒட்டினால் மோதுவது பெருமளவு குறையும்.

பார்த்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், மழையா பனியா, எந்தப் பறவை எத்தனை. ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுக் கொல்லையிலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பறவைப் பதிவுக்கான இபேர்ட் செயலியில் பட்டியலை ஏற்றலாம். காக்கை, மைனாவையும் எண்ண வேண்டும். தெரியாததை ஊகித்துப் போடக் கூடாது.

மாசியில் குக்குறுவான் ‘டொங்… டொங்’ என்று விடாமல் தட்டத் தொடங்கும், குண்டுகரிச்சான் விடியலில் பாடும். முருங்கை பூத்தால் தேன்சிட்டு அங்கேயே கிடக்கும். கையில் மீதமிருக்கும் கம்பை அதுவரை மூடி வைத்துவிட்டு, அப்போது காலையில் ஒரு கைப்பிடி மட்டும், அரைமணி நேரத்தில் தின்று தீரும் அளவு, தரையில் தூவுங்கள். நொய்த் தட்டை இன்றைக்கே எடுத்துக் கழுவி வெயிலில் காய வைத்துவிடலாம். ஈரத்தில் ஊறிய நொய்யில் பூஞ்சை பிடித்திருக்கும்.